பீங்கான் கரை

நாலுவழிச் சாலைக்காக வேப்பூர்ப் பக்கம் ஓர் ஓடையை மண் போட்டு மூடியவர்கள், அதற்கு ஈடாக விருத்தாசலத்துப் பீங்கான் கொட்டகைகளுக்குப் பின்னால் தூர்ந்து கிடந்த ஓடையை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கரையில் பதிக்கக் கல் வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. பூங்கோதையும் கொட்டகைப் பெண்களும் சூளையில் கோணிப்போன பியூஸ் கட்டைகளையும் மூக்குடைந்த பொம்மைகளையும் கூடை கூடையாகச் சுமந்து வந்து கரை நெடுகப் பதித்துவிட்டார்கள். "ஒரு வெள்ளத்துக்குத் தாங்காதும்மா" என்று சாலை இன்ஜினியர் உமர் பாரூக் நேற்றுச் சொன்னது அவளுக்கு இன்னும் உறைக்கிறது.

காலை வெயிலில் கரை வெள்ளை வெளேரென்று பளபளக்கிறது. முதலில் சத்தம்தான் வருகிறது, பந்தி முடிந்து தட்டு அடுக்குவதைப் போல. பிறகு செம்மண் நுரை வைக்கோலையும் வேப்பிலையையும் உருட்டிக்கொண்டு வளைவில் திரும்புகிறது. கரையைப் பார்க்க வந்து நிற்கும் உமர் பாரூக்கைத் தாண்டி, பூங்கோதை மஞ்சள் கரைத்த சொம்போடு இறங்குகிறாள். "சார், புதுத்தண்ணி வருது. ஷூவக் கழட்டிட்டு நில்லுங்க." அவர் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கிறார். தண்ணீர் கரையில் மோதித் தெறிக்கிறது. பொம்மைகள் முகம் கழுவிக்கொள்கின்றன, ஒன்றுகூட அசையவில்லை. அவர் குனிந்து ஒரு பியூஸ் கட்டையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார். அது வருவதாயில்லை. அவருக்குப் பின்னால் ஷூ இரண்டும் ஓடம் மாதிரி ஆடி ஆடிப் போகின்றன. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். "போவட்டும் வுடுங்க. கரை நிக்குதே" என்று அவரும் சிரிக்கிறார். பூங்கோதை மஞ்சள் நீரைச் சாவகாசமாக ஊற்றி முடிக்கிறாள்.

"ஷூவ மட்டுந்தான் சார் நாங்க பதிக்கல."