கழுவிய கத்தரிச்செடிகள்

சொத்துப் பிரித்த நாளிலிருந்து செவந்தியும் அவள் கணவனின் அண்ணன் மனைவி பேச்சியம்மாளும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. அன்று காலை செவந்தி வரப்புக்குக் களைக்கொல்லி அடித்தபோது காற்று திரும்பி, பக்கத்து வயலில் பேச்சியம்மாளின் கத்தரிச்செடிகள் மேல் மருந்து படிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. முதுகிலிருந்த டேங்கை இறக்கி வைத்துவிட்டு அவள் நேராக அந்த வீட்டுக்குப் போனாள்.

"யக்கா, களை மருந்து உங்க கத்தரி மேல பட்டுருச்சு. நாந்தான் அடிச்சேன்."

பேச்சியம்மாள் திட்டவில்லை. இரண்டு குடங்களை எடுத்து வந்து ஒன்றை அவளிடம் நீட்டினாள். "நின்னுக்கிட்டிருந்தா செடி செத்துரும். வா."

மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பிடித்து இருவரும் இலை இலையாகக் கழுவினார்கள். முதலில் செடியைப் பற்றித்தான் பேசினார்கள். பிறகு பேச்சியம்மாளின் மூட்டுவலி. அப்புறம் செவந்திக்குக் கலைந்துபோன கரு.

"அப்ப நான் வந்து பாத்திருக்கணும்" என்றாள் பேச்சியம்மாள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாதிச் செடிகள் அந்த வாரமே கருகிப்போயின. வருடங்கள் ஓடி, இப்போது அக்காவும் உயிரோடு இல்லை. செவந்திக்கு அடிக்கடி நினைவில் வருவது, கடைசிச் செடியையும் கழுவி முடித்து வெயில் சாய்ந்த அந்த நேரம்தான். பேச்சியம்மாள் குடத்தைக் கீழே வைக்காமல் வயலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மொத வரிசைய இன்னொருக்கா கழுவிருவமா?"

அது சுத்தமாகத்தான் இருந்தது. செவந்தி தண்ணீர் பிடிக்கப் போனாள்.