மூணாவது டம்ளர்

"மொத வாய் நாவப்பழம். ரெண்டாவது வாய் இரும்பு டானிக். அஞ்சு மார்க் போடு" என்றான் இளவரசு.

"எனக்கு அப்பிடித் தெரியல. ஊறப்போட்ட திராட்சத் தோலு. ஆறரை" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள் அருள்மொழி.

திறந்திருந்த கதவருகே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று இதைக் கேட்ட வைத்திலிங்கத்துக்குத் தலை கொதித்தது. சிதம்பரத்தில் பஸ் ஏறும்போது, மகள் வீட்டுத் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பக்கிரி சொன்ன சேதி பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கடலூருக்குக் கிளம்பினார். இங்கே என்னடா என்றால், பெற்ற மகள் பட்டப்பகலில், சனிக்கிழமை மூன்று மணிக்கு, புருஷனோடு சரிசமமாக உட்கார்ந்து ஒயின் குடிக்கிறாள். அதற்கு மார்க் வேறு!

"நல்லா இருக்குடி உன் குடித்தனம்!"

இருவரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். ஆனால் யாரும் பாட்டிலை ஒளிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. மேஜையில் மூன்று பாட்டில்கள். பெயர் தெரியாதபடி செய்தித்தாள் சுற்றி, மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தது.

"வாங்க மாமா, உக்காருங்க" என்றான் இளவரசு. சிப்காட்டில் ஷிப்ட் சூப்பர்வைசர். அதிர்ந்து பேசாத பையன் என்றுதான் அவனுக்குப் பெண் கொடுத்திருந்தார்.

"உக்கார வரல மாப்ள. எதுக்குப் பேப்பர் சுத்தி வெச்சிருக்கீங்க? வெக்கமா இருக்கா?"

"வெல தெரிஞ்சா நாக்கு பொய் சொல்லும் மாமா. ஐநூறு ரூவாய்க்கு மேல நாங்க வாங்கறதில்ல. அதுக்குள்ள எது நல்லாருக்குன்னு பாக்கறோம். ஒவ்வொண்ணுலயும் ஒரு மடக்கு, அவ்ளோதான்."

இவனிடம் பேசிப் பயனில்லை என்று மகளிடம் திரும்பினார்.

"பொம்பள குடிக்கலாமாடி?"

"நீங்க குடிக்கலியாப்பா? தெனமும் பிராந்திய எடுத்து வெச்சிகிட்டு உக்காருவீங்க. அம்மா அடுப்பு முன்னால நின்னு மல்லாட்டக் கடல வறுத்துக் குடுப்பாங்க. உப்பு கம்மின்னா தட்டு பறக்கும். இங்க ரெண்டு பேரும் வறுக்கறோம், ரெண்டு பேரும் குடிக்கறோம். ஒரு தட்டும் பறக்கல."

"நான் ஆம்பள" என்றார். சொன்ன பிறகு அந்தப் பதில் அவருக்கே சப்பென்று இருந்தது. அதனால் குரலை உயர்த்தினார்.

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா உசுர விட்டுடுவா! அவ முட்டிவலிக்குத் தைலம் போட வைத்தியர்கிட்ட போன பெறகுதான் நானே கெளம்பி வந்தேன். அந்த அப்புராணிக்கு இந்தக் கண்றாவியெல்லாம் தெரிய வேணாம்."

அருள்மொழி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழட்டும், அழுதால்தான் புத்தி வரும் என்று அவர் விட்டுவிட்டார். அப்போதுதான் மேஜையின் ஓரத்தில் அது கண்ணில் பட்டது. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த மூன்றாவது டம்ளர்.

பக்கிரி இதையும் சொல்லியிருந்தான். ஒரு வாரம் விட்டு ஒரு சனிக்கிழமை இந்த வீட்டுக்கு யாரோ வருகிறார்களாம். மூன்று பேர் சிரிக்கும் சத்தம் தெருமுனைவரை கேட்கிறதாம்.

"இது யாருக்குடி?"

"வருவாங்க."

"எவன் அவன்?"

அருள்மொழி அந்த டம்ளரை நிமிர்த்தி வைத்தாள்.

"இங்க பாரு. தை மாசம் உன் தம்பி கல்யாணம். அந்த ஆளு இந்த வீட்டுப் படி ஏறுனா, நீ என் வீட்டுப் படி ஏறக் கூடாது. பத்திரிகைல உம் பேரும் இருக்காது, மாப்ள பேரும் இருக்காது."

அவள் முகம் வாடிப்போனது. தம்பி என்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றாள்.

"பேர எடுத்துடுங்கப்பா. அவுங்கள வர வேணாம்னு நான் சொல்ல மாட்டேன்."

"பெத்த அப்பனவிட அந்த ஆளு ஒசத்தியா?"

"நாக்குல ஒசத்தி. வேணும்னா நோட்டப் பாருங்க."

பிடுங்கிப் பார்த்தார். எல்லாம் மகளின் கையெழுத்து. பக்கத்துக்கு மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தின் தலையில் பெயர் இல்லை, ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தது.

'ஊறுகா ஜாடி கழுவுன தண்ணி. ஒண்ணு.'

'இதுக்கு நீராகாரம் தேவல. ரெண்டு.'

'இது நல்லாருக்கு. இவ்ளோ வருஷமா இத ஏன் எனக்கு ஒருத்தரும் குடுக்கல? ஒம்போது.'

வைத்திலிங்கம் நோட்டை மேஜைமேல் விட்டெறிந்தார்.

"வரட்டும். மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போவேன்" என்று நாற்காலியை வாசலைப் பார்த்து இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

வாசலில் இருந்த நாலு படிகளையும் விறுவிறுவென்று ஏறி, வழியில் கடைத்தெருவில் வாங்கிய பச்சை வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உள்ளே வந்து நின்றாள், முட்டிவலிக்குத் தைலம் போடப் போயிருந்த சௌந்தரம்.

புருஷனை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள்.

"வந்தது வந்துட்டீங்க. முப்பது வருஷம் நான் வறுத்தேன், இன்னிக்கி நீங்க வறுங்க. உப்பு கம்மியா இருந்தாலும் தட்டு பறக்காது, பயப்படாதீங்க."