துளசிமணி நின்ற மூலை

1987 மே மாதம், கோவை பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில், தரையில் உருளும் சக்கரம் இல்லாமலே தானாக நகரும் இயந்திரத்தை மயில்சாமி சோதித்தார். இரும்புக் கூண்டுக்குள் இரண்டு கனத்த சக்கரங்கள் சுழலும். அந்தச் சுழற்சியே கூண்டை முன்னால் தள்ள வேண்டும். அவர் மனைவி துளசிமணி மூலையில் இருந்த சுவிட்சைப் போட்டாள். சக்கரங்கள் முழு வேகம் பிடித்தபோது மின்சாரம் போய்விட்டது. மயில்சாமி வைத்திருந்த பிரேக்கும் மின்சாரத்தில்தான் பிடிக்கும். சக்கரங்கள் ஊளையிட்டபடியே சுற்ற, கூண்டு குலுங்கிக் குலுங்கி அவளை நோக்கி வந்தது. இருபுறமும் லேத், வெளியேற வேறு வழியில்லை.

“ஏனுங்க, நிறுத்துங்க இதை.”

“அதுவா நின்னாத்தான் உண்டு. கையக் கிய்ய வெச்சுத் தள்ளீராத, எந்தப் பக்கம் சாயும்னு தெரியாது.” வாசலில் நின்ற மயில்சாமியின் குரல் நடுங்கியது. பிறகு அது மாறியது. “துளசி, நகருது பாரு புள்ள. நெசமாவே நகருது.”

அவள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். சக்கரக் காற்று முழங்காலில் அடித்தது.

கூண்டு அவள் கால்விரலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சக்கரங்கள் ஓய்ந்ததும், அது நகர்ந்த தூரத்தை அளக்க மயில்சாமி டேப்போடு ஓடிவந்தார்.

“இந்த முனையப் புடி.”

சேலையைப் பிடித்திருந்த அவள் கை விரியவில்லை.