ஒரே கவுண்டர்

அலாரம் அடித்தது. அவன் எழுந்தான், பல் துலக்கினான், முகம் மழித்தான். தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த தூக்க மாத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நேற்று இரவு மனைவி கொடுத்த மாத்திரை அது. குடித்திருந்ததால் பயந்துபோய், விழுங்கியதாக நடித்துவிட்டுப் படுத்தான். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வீட்டிலும் அந்தப் பாடம் ஓயாது.

சமையலறையில் அவள் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். பசி வயிற்றைக் கிள்ளியது. நான்கு துண்டு தின்று முடித்தபின், இனி மறைத்துப் பயனில்லை என்று மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நேத்து பார்ட்டில ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டேன்."

தொடமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனவன். ஆனாலும் அவள் திட்டவில்லை. ஜாம் பாட்டிலை மூடி வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அதுவே தைரியம் தர, மிச்சத்தையும் கொட்டினான்.

அவன் வங்கியில் காசாளர். அதுவரை மதுவின் வாசனைகூட அறியாதவன். நேற்று மேனேஜரே தன் கையால் ஊற்றிக் கொடுத்தபோது மறுக்க முடியவில்லை. இரண்டாவது கிளாஸில் கால் தரையில் இல்லை. நாற்காலிமேல் ஏறிப் பாடினான். இறங்கி வந்து மேனேஜரின் தோளில் கை போட்டு, உங்க ஜோக்குக்கு நாங்க சிரிக்கிறதெல்லாம் சம்பளத்துக்காகத்தான் சார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். பதவி உயர்வுக்கு அவர் இவன் பெயரை அனுப்பவேண்டிய நாள் இன்று.

"ஜோக் அவ்வளவு மோசமாவா இருக்கும்?" என்று கேட்டாள்.

"நீ வேற. என் பிழைப்புல நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன்."

"தலை வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. மானம்தான் போச்சு."

பிறகு, இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டான். முந்தாநாள் போட்ட மாத்திரை இன்னும் உடம்பில் இருக்கும் அல்லவா? அதோடு சேர்ந்ததால்தானே இரண்டே கிளாஸ் இந்தப் பாடு படுத்தியது?

அப்படி நடக்கக்கூடியதுதான் என்றாள். இந்த மாத்திரை ஒரே இரவில் உடம்பை விட்டுப் போய்விடாது. மதுவும் அதுவும் மூளையை ஒரே பக்கம் அமுக்குபவை. சேர்ந்தால் முதலில் நிதானம் போகும், அப்புறம் மூச்சே நின்றுபோகலாம்.

"உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். கல்லீரல்ல இருக்கிறது ஒரே கவுண்டர். சரக்கு வந்து நின்னா மொதல்ல அதைத்தான் கவனிக்கும். மாத்திரை பாவம், டோக்கனைக் கையில வச்சுக்கிட்டு ரத்தத்துல சுத்திக்கிட்டே இருக்கும்."

அவன் முகம் மலர்ந்தது. ஆக, பேசியது அவன் அல்ல. கவுண்டரில் நெரிசல், அவ்வளவுதான்.

"இதை அப்படியே மேனேஜர்கிட்ட சொல்லு. நான் சொன்னா சாக்குன்னுவார். மருந்துக்கடைக்காரி சொன்னா மறு பேச்சு பேச மாட்டார். உன் புருஷனுக்காக இது ஒண்ணு செய்யக் கூடாதா?"

அவள் பதில் சொல்வதற்குள் போனை எடுத்து எண்ணை அழுத்தி அவள் காதருகே நீட்டினான். மறுமுனையில் மணி அடித்தது.

அவள் போனை வாங்கி, இணைப்பைத் துண்டித்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அவர்கிட்ட நேத்து மத்தியானமே பேசிட்டேங்க, உங்க கிளாஸ்ல ஆப்பிள் ஜூஸ் மட்டும் ஊத்தச் சொல்லி."