பொய்த் தலைசுற்றல்

ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர் அந்தோணிராஜ் பொன்மலையில் தனியாக இருந்தார். தினமும் காலையில் சுவரிலிருந்த தானியங்கி மருந்துப் பெட்டி அவருடைய ரத்த அழுத்தத்தை அளந்து, அதற்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "பக்க விளைவு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும். இல்லை என்றால் அணைந்துவிடும். இருக்கிறது என்றால் மருந்தாளுநர் ஒருவர் போனில் அழைப்பார். வேறு யாரும் அவரை அழைப்பதில்லை.

ஒருநாள் தலை சுற்றுவதாகச் சொன்னார். மெஹருன்னிசா என்ற பெண் அழைத்துப் பத்து நிமிடம் அக்கறையாகப் பேசினாள். அடுத்தடுத்த வாரங்களிலும் அவர் அதையே சொன்னார். டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

நான்காம் முறை அழைத்தபோது அவள் பதறினாள். "சார், உங்க பிரஷர் நூத்தி எண்பத்தஞ்சுன்னு பெட்டி காட்டுது. இன்னும் குறைச்சா பக்கவாதமே வரலாம். உண்மையச் சொல்லுங்க, தலை சுத்துதா?"

"இல்லம்மா. ஒருநாளும் சுத்தல. நீ பேசுவியேன்னுதான் சொன்னேன்."

அவள் கோபப்படவில்லை. "டாக்டர்கிட்ட சொல்லி இன்னைக்கே பழைய அளவுக்கு மாத்திடுறேன். இனிமே இப்படிப் பண்ணாதீங்க சார்." கொஞ்சம் தயங்கினாள். "பக்க விளைவு இல்லைன்னு நான் பதிஞ்சதும் லைன் கட்டாயிடும். அதுக்கு முன்னாடி சொல்லுங்க, காலையில என்ன சாப்ட்டீங்க?"

உப்புமா கிளறியதையும், அது கட்டிதட்டிப் போனதையும், கடுகு கருகியதையும் அவர் இழுத்து இழுத்துச் சொன்னார். அவள் குறுக்கிடவே இல்லை. சொல்வதற்கு எதுவும் மிஞ்சாதபோது அவரே சொன்னார்:

"பதிஞ்சுக்கம்மா."