பாதி மருந்து

"பொய் சொல்லாதீங்க செல்லக்கிளி. நான் குடுத்த மருந்து முழுசா உள்ள போகலை."

வேலிக்கு இந்தப் பக்கம் வைக்கோல் உதறிக்கொண்டிருந்த மாரியாயி, கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். மாட்டு டாக்டர் அடைக்கலராஜின் குரல். அதிர்ந்து பேசாத மனுஷர். இன்றைக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது.

"முழுசாத்தாங்க போட்டேன்."

"போட்டிருந்தா மடி ஏன் திரும்பவும் கல்லா இறுகுது? வீக்கம் வடிஞ்சதும் நிறுத்திட்டீங்க. மிச்சத்தை என்ன செஞ்சீங்க? வித்துட்டீங்களா?"

செல்லக்கிளி வாளியை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"காம்புக்குள்ள பிதுக்குற பென்சிலினை அரைகுறையா போட்டா கிருமி சாகாதும்மா. மருந்தோட பழகிக்கும். அப்புறம் அதே மருந்தை எவ்வளவு போட்டாலும் கேக்காது. உங்க எருமை மட்டுமா? இந்தக் கரையில இருக்கிற அத்தனை மாட்டுக்கும் வினை."

மாரியாயிக்கு உள்ளுக்குள் இனித்தது. செல்லக்கிளி அவளுடைய ஓரகத்தி. பாகம் பிரித்தபோது மாட்டுக் கொட்டகை யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் மூண்ட சண்டையில், வீட்டுக்கு நடுவே முள்வேலி விழுந்தது. பெண்களுக்குள் பேச்சும் நின்றது. ஆளுக்கு ஓர் எருமை மிஞ்சியது. இரண்டு பேர் பாலும் ஸ்ரீரங்கத்து உத்திர வீதிக்குத்தான் போகும், தனித்தனியாக.

டாக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கொள்ளிடத்திலிருந்து எழுந்த பனி இன்னும் கலையவில்லை. முழங்காலுக்குக் கீழே மனுஷரே தெரியவில்லை. மிதந்து வருகிற மாதிரி இருந்தது.

"ஐயா, இங்கயும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க."

டாக்டர் எருமையின் மடியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையில் பீச்சினார். பால் திரிதிரியாக விழுந்தது.

"அதே நோய். எப்பலேருந்து?"

"முன்னாடியே வந்துச்சுங்க. நல்லா வடிஞ்சிடுச்சு. இப்ப மறுபடியும்."

"வடிஞ்சுதா? என்ன மருந்து போட்டீங்க?"

மாரியாயி தயங்கினாள். படித்த மனுஷர், அதிலும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். சொன்னால் சிரிப்பாரோ என்னவோ.

"நான் எதுவும் போடலைங்க. எனக்கு அப்ப அம்மை வாத்திருந்துச்சு. அவரு கடலை பறிக்க மருங்காபுரிப் பக்கம் போயிருந்தாரு. வாசல்ல வேப்பிலை செருகினதும் ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை."

"அப்ப எருமையை யாரு பாத்தாங்க?"

"ஆத்தா" என்றாள் மாரியாயி. "சமயபுரத்தா."

டாக்டர் சிரிக்கவில்லை.

சொல்லச் சொல்ல அந்த நாட்கள் அவளுக்குத் திரும்பி வந்தன. காய்ச்சலில் பாய் பரிசல் மாதிரி சுற்றும். கூரை மேலே போய்க்கொண்டே இருக்கும். விடிந்தும் விடியாத நேரத்தில் ஆற்றுப்பனி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். அந்தப் பனிக்குள்ளிருந்து சர்ர் சர்ர் என்று தோண்டியில் பால் இறங்கும் சத்தம் கேட்கும். தலையை மெல்லத் திருப்பினால், கொட்டகையில் மஞ்சள் சேலை முக்காடிட்ட ஓர் உருவம் குந்தியிருக்கும். கூப்பிட வாய் எழாது. படுத்தபடியே கையைக் கூப்புவாள். கண்ணை மூடித் திறந்தால் உருவம் இருக்காது. நிறைந்த தோண்டியும், தலைமாட்டில் இளநீரும் இருக்கும்.

"மடி வீங்கினப்பவும் வந்தாங்கய்யா. காம்புல வெள்ளையா என்னமோ பிதுக்கி விட்டா. தடவிக் குடுத்தா. அப்புறம்தான் வடிஞ்சுச்சு. எனக்கு அம்மை இறங்கினதும் அவ வர்றதும் நின்னுபோச்சு."

டாக்டர் வேலியைப் பார்த்தார்.

"இது கையால பரவுற நோய்ம்மா" என்றார் மெதுவாக. "நோய் வந்த மடியைத் தொட்ட கை, நல்ல மடியைத் தொட்டா வரும். எருமை நடந்து வந்து ஒட்ட வைக்காது."

மாரியாயிக்குப் புரியவில்லை.

"இந்த எருமை புது ஆளைக் கிட்ட விடுமா?"

"விடாதுங்க. உதைச்சுத் தள்ளிடும். ஆத்தாளாக்கும், அதான் அசையாம நின்னுச்சு."

"பாகம் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதை யாரு கறப்பாங்க?"

"செல்லக்கிளிதான்..." என்றவள், வேலிப் பக்கம் திரும்பினாள். வைக்கோல் கையிலிருந்து நழுவியது. அம்மை வார்த்த வீட்டுக்குள் பெற்ற தாய்கூட யோசித்துத்தான் கால் வைப்பாள்.

டாக்டர் வாளித் தண்ணீரில் கையை அலம்பினார். சற்றுமுன் 'வித்துட்டீங்களா' என்று கேட்ட வாய் அவருக்கே கசந்தது போலிருந்தது. வேலியைப் பார்க்காமல், ஆனால் வேலிக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்திப் பேசினார்.

"பென்சிலின் இனிமே இந்த ரெண்டு எருமைக்கும் கேக்காது. வேற மருந்து மெட்ராஸ்லேருந்து வரவழைக்கிறேன். அது வர்ற வரைக்கும் ஒத்தடம் குடுத்து, அடிக்கடி பீச்சி விடணும். இந்தத் தடவை ஒவ்வொரு எருமைக்கும் தனித்தனியா முழு மருந்து. மனசு நல்லதா இருந்தாலும் மருந்தைப் பங்கு போடக்கூடாது. இதுவும் பழகிடுச்சுன்னா அதுக்கப்புறம் என்கிட்ட மருந்தே இல்லை."

சைக்கிளை எடுத்தவர், ஏறாமல் நின்றார்.

"ஆத்தாளைப் பத்தி எனக்கு அவ்வளவா தெரியாது மாரியாயி. மறுபடி வந்தா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒரு மடியிலேருந்து இன்னொரு மடிக்குப் போறதுக்கு முன்னாடி, கையை சோப்புப் போட்டுக் கழுவிடச் சொல்லுங்க."

"சரிங்கய்யா" என்றது, வேலிக்கு அந்தப் பக்கத்துக் குரல்.