அளவுக்கு நின்றவள்

"ஏனுங்க, கல்லைப் பிடுங்கட்டுங்களா, வேண்டாங்களா?" பொக்லைன்காரர் வண்டியை அணைக்காமலே கத்தினார். காட்டு நிலத்தின் நடுவில் நின்ற பழங்காலக் குத்துக்கல்லை எடுத்துவிட்டுத் தென்னை வைப்பது நாச்சிமுத்துவின் பல வருட ஆசை. மகள் சுகன்யாதான் மறித்தாள். "அரசாங்கத்தோட தொல்பொருள் பட்டியல்ல இது இருந்துதுன்னா, ஜெயில்ல களி திங்கப்போறது நீங்கதான்" என்று செல்போனில் ஊர்ப்பேரையும் சர்வே எண்ணையும் போட்டுத் தேடினாள்.

பதிவு இருந்தது. கூடவே பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. கல்லை ஒட்டி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி, களைக்கொத்தோடு ஒரு பெண். கீழே எழுதியிருந்தது: 'குத்துக்கல், உயரம் ஏழு அடி. அளவுக்காக அருகில் ஒரு கூலிப்பெண்.'

நாச்சிமுத்து போனை வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். "அம்மிணி, இது உங்கம்மா."

சுகன்யாவின் இரண்டு வயதில் போய்ச்சேர்ந்த அம்மா. வீட்டில் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. "சொந்தக் காட்டுல நின்னவளைக் கூலிப்பெண்ணுன்னு எவனோ எழுதி வெச்சிருக்கான். பேரைக் கேக்க வாயில்லையா அவனுக்கு?" என்று சுகன்யா பொரிந்து தள்ளினாள்.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டா. அத்தனை கூச்சம்."

அவர் கல்லருகே போனார். படத்தில் அவள் உச்சந்தலைக்கு நேராக இருந்த வெடிப்பு கல்லில் அப்படியே இருந்தது. அந்த உயரத்தில், வெறுங்காற்றின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, "இவ்வளவுதான் இருந்தா" என்றார்.

சுகன்யா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கைக்குக் கீழே போய் நின்றாள்.